கேட்டார்கள்

மார்ட்டன் தயோகால் என்னும் அமெரிக்க நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நான் புகழிலிருந்து தொடங்குகிறேன். இங்கே வரும் புகழ்ச்சி ஒவ்வொன்றும் மெய், ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. எதையும் நான் திரும்ப வாங்கப்போவதில்லை.

முதலில் அவர்களுடைய கோப்புகள். விண்வெளி ஓடத்தைத் தூக்கிச் செல்லும் திட எரிபொருள் பூஸ்டர்களை யூட்டா மாநிலத்தில் செய்து கொடுத்தது இந்த நிறுவனம். பூஸ்டர்கள் துண்டு துண்டாக ரயிலேறி ஃப்ளாரிடா போகும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். பொருத்திய இடத்தில் நெருப்புக் கசியாமல் அடைத்து நிற்பவை இரண்டு ரப்பர் வளையங்கள். வளையத்தின் பருமன் 7 மில்லிமீட்டர், சுண்டுவிரலைவிட மெலிது. 1985 ஜனவரியில், குளிர் மிகுந்த நாளொன்றில் ஏவி, கடலிலிருந்து மீட்டு வந்த பூஸ்டர்களைப் பிரித்துப் பார்த்தவர் ரோஜர் போஜொலே என்னும் பொறியாளர். இரண்டு வளையங்களுக்கும் நடுவே இருந்த மசகு கரிந்து கறுத்திருந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வெப்ப வாயு உள்ளே வந்திருக்கிறது என்பது அதற்குப் பொருள். ஜூலை 31ஆம் தேதி அவர் பொறியியல் துறைத் துணைத் தலைவர் பாப் லண்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இதை உடனே கவனிக்காவிட்டால் மனித உயிர்கள் போகும் என்று சுற்றி வளைக்காமல் எழுதினார்.

அந்தக் குறிப்பை யாரும் கிழித்துப் போடவில்லை. எழுதியவரை வேலையை விட்டு நீக்கவில்லை. அடுத்த மாதமே வளையங்களை ஆராய ஒரு தனிக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவுக்கு ஆளும் பொருளும் கிடைக்காமல் போனபோது, அதையும் எழுத்தில் தெரிவிக்க முடிந்தது. அக்டோபர் 1ஆம் தேதி பாப் எபெலிங் அனுப்பிய குறிப்பின் முதல் சொல்லே ‘உதவி’ என்பதுதான். அதைப் பெரிய எழுத்துகளில் தட்டச்சிட்டு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார். எங்களைத் தாமதப்படுத்த எத்தனை வழி உண்டோ அத்தனையும் நடக்கிறது என்று தொடர்ந்தார். ஓர் ஊழியர் மேலிடத்துக்கு இப்படி எழுத முடிந்தது என்றால், அந்த இடத்தில் வாய்ப்பூட்டு இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை நிறுவனங்களில் இந்தச் சொல் மனத்துக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகிறது! இங்கே எழுத்தில் வந்தது, தேதி போட்டுக் கோப்பில் ஏறியது, இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்து அவர்களுடைய பொறுமையைச் சொல்ல வேண்டும். 1986 ஜனவரி 27ஆம் தேதி இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் ஓடம் புறப்பட வேண்டும். ஃப்ளாரிடாவில் அந்த இரவு வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. யூட்டாவில் தயோகால், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃப்ளாரிடாவில் கென்னடி மையம் என மூன்று இடங்களைத் தொலைபேசியில் இணைத்து 34 பேர் அமர்ந்தார்கள். பொறியாளர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல விட்டார்கள். வரைபடங்கள், அளவுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் முன்வைத்தார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்பது நிறுவனத்தின் முடிவு. அதை அறிவித்தவர், ஆறு மாதத்துக்கு முன் போஜொலேயின் குறிப்பைப் பெற்ற அதே லண்ட்.

இந்த இடத்தில் தயோகாலை மனமாரப் பாராட்டுகிறேன். கீழே இருந்தவர்கள் கண்டதை மேலே இருந்தவர் ஏற்று, வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல வைத்த நிறுவனம் அது. ஆரோக்கியமான பணிச்சூழல் என்று மேலாண்மைப் புத்தகங்கள் விவரிப்பது இதைத்தானே? அந்த மாலையில், சில மணி நேரம், அது அங்கே உயிரோடு இருந்தது.

மார்ஷல் மையத்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அப்படியானால் எப்போது ஏவச் சொல்கிறீர்கள், ஏப்ரலிலா என்று கேட்டார் பூஸ்டர் திட்ட மேலாளர் லாரன்ஸ் மல்லாய். அப்போது தயோகாலின் ஜோ கில்மின்ஸ்டர், நாங்கள் எங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் வேண்டும் என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பேசினார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது.

அந்த அரை மணி நேரத்தில் ஆர்னி தாம்ப்சன் என்ற பொறியாளர் தன் இருக்கையிலிருந்து எழுந்து, மேலாளர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய், ஒரு தாளை விரித்து இணைப்பின் படத்தைப் போட்டுக் காட்டினார். குளிரில் ரப்பர் விறைத்தால் வளையம் எப்படிச் சட்டென்று விரிந்து அடைக்காமல் போகும் என்று விளக்கினார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்வது ஏறவில்லை என்று தெரிந்ததும் அவராகவே நிறுத்திக்கொண்டார். பிறகு போஜொலே கரிந்த மசகின் புகைப்படங்களை எடுத்து அவர்கள் முன் வைத்தார். அவரையும் யாரும் தடுக்கவில்லை. எவரையும் கேட்க வைக்க முடியாது என்று தெரிந்தபின் தானும் நிறுத்திவிட்டதாக அவர் பின்னால் விசாரணையில் சொன்னார்.

அந்த அறையில் யாரும் குரல் உயர்த்திப் பொறியாளர்களை அடக்கவில்லை. அதட்டினால் எதிர்த்துப் பேசலாம். கோபப்பட்டால் கோபத்துக்குப் பதில் சொல்லலாம். முழுதாகப் பேச விட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன செய்வது? உண்மை பேசுகிறவனைச் சோர்வடையச் செய்ய அதைவிட மென்மையான வழி இல்லை. நம் ஊர்க் கூட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ‘நல்ல பாயிண்ட், குறிச்சுக்கிட்டோம்’ என்பார்கள். குறித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

மூத்த அதிகாரி ஜெரால்டு மேசன், லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான்கு மேலாளர்கள் முடிவெடுத்தார்கள். வாக்கெடுப்பில் பொறியாளர்கள் இல்லை. இணைப்பு மீண்டும் வந்தது. ஏவலாம் என்றது தயோகால்.

இனி நாசாவின் முறை. நாசாவின் நிறை ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. புது முடிவைக் கேட்டதும் அவர்கள் அப்படியே தொலைபேசியை வைத்துவிடவில்லை. இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இணைப்பிலிருந்த எல்லோரிடமும் கேட்டார்கள்.

கேட்டார்கள். விசாரணை ஆணையத்தின் பதிவில் அது தெளிவாக இருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை என்பதும் இருக்கிறது.

தமிழில் வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். முதல் கேட்டலை அன்று இரவு நாசா குறைவின்றிச் செய்தது. அதற்கான பெருமையை நான் கொடுக்கிறேன். ஆனால் அந்த மௌனத்தை நான் அறிவேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஊழியர் கருத்துப் படிவம் வரும். பெயர் எழுத வேண்டாம், மனந்திறந்து எழுதுங்கள் என்று தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். கீழே துறை, வயது, வேலையில் சேர்ந்த ஆண்டு மூன்றையும் கேட்பார்கள். எங்கள் பிரிவில் நாங்கள் நாலு பேர். அந்தப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘திருப்தி’ என்று குறித்துக் கொடுத்தவன் நான். திருப்தியாக இருந்ததால் அல்ல. முந்தின ஆண்டு ‘திருப்தி இல்லை’ என்று குறித்தவரை மேலாளர் அறைக்கு அழைத்து, மிகவும் கனிவாக, ‘உங்களுக்கு இங்கே என்ன பிரச்சினை?’ என்று விசாரித்ததை மற்ற மூன்று பேரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவெடுத்த பிறகு வரும் கேள்விக்கு விடை மௌனம்தான் என்பதை எந்த ஊழியருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யூட்டாவில் அன்று இரவு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

தயோகாலின் நடைமுறை ஒழுங்கையும் விட்டுவிடக் கூடாது. ஏவலாம் என்ற பரிந்துரை எழுத்தில் வேண்டும், பொறுப்பானவர் கையொப்பம் வேண்டும். கென்னடி மையத்தில் தயோகாலின் மூத்த பிரதிநிதியாக இருந்தவர் ஆலன் மெக்டானல்டு. அவர் கையொப்பமிட மறுத்தார். மறுத்தவரை யாரும் வற்புறுத்தி ஒப்பமிட வைக்கவில்லை. யூட்டாவிலிருந்து கில்மின்ஸ்டர் கையொப்பமிட்டுத் தொலைநகலில் அனுப்பினார். மனசாட்சியின் பேரில் ஒருவர் மறுக்கும் உரிமை காப்பாற்றப்பட்டது. கோப்பில் இருக்க வேண்டிய காகிதமும் கோப்பில் ஏறியது.

காலையில் ஏவுதளத்தில் பனிக்கட்டிகள் தொங்கின. ஓடம் எழுந்தபோது வெப்பம் 36 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 2 டிகிரி. யூட்டாவில் பொறியாளர்கள் ஓர் அறையில் கூடித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தால் தரையிலேயே வெடித்துவிடும் என்று அஞ்சியிருந்தார்கள். வெடிக்கவில்லை. ஒரு நிமிடம் ஆனதும் எபெலிங், பக்கத்தில் இருந்த போஜொலேயிடம், இப்போதுதான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தேன் என்றார். 73ஆவது வினாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். நாடெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனாதிபதி அமைத்த ரோஜர்ஸ் ஆணையம் பிப்ரவரியில் விசாரித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்டானல்டு எழுந்தார். 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று நாங்கள் முதலில் சொன்னோம் என்றார். அவர் எழாமல் இருந்திருந்தால் அந்த இரவின் கதை வெளிவர இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ! மறுநாள் ஆணைய உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் ரப்பர்த் துண்டை முக்கி எடுத்து, குளிரில் அது விறைப்பதை எல்லோருக்கும் காட்டினார். முந்தைய மாதத்தில் தாம்ப்சன் தாளில் வரைந்து காட்டியதும் இதைத்தான். ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு இணங்கிப் போவதற்காகவே தயோகால் நிர்வாகம் தன் பொறியாளர்களின் முடிவை மாற்றியது என்று ஆணையம் எழுதியது. வாடிக்கையாளரின் மனம் கோணாமல் நடக்கும் நிறுவனம் என்று இதைவிட உறுதியான சான்றிதழை எந்த அரசு ஆணையமும் எந்த நிறுவனத்துக்கும் தந்திருக்காது.

உண்மை சொன்னவர்களை நிறுவனம் வேறு பொறுப்புகளுக்கு மாற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு மெக்டானல்டு உயர்த்தப்பட்டு, இணைப்பை மறுவடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். போஜொலே உடலும் மனமும் நொந்து வேலையை விட்டார். 1988இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அவருக்கு அறிவியல் சுதந்திரத்துக்கும் பொறுப்புக்குமான விருதைக் கொடுத்தது.

மெக்டானல்டு தலைமையில் வடிவமைத்த இணைப்பு 1988 செப்டம்பர் 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2011இல் விண்வெளி ஓடத் திட்டம் முடியும்வரை 110 பயணங்கள். அந்த இணைப்பால் ஒரு விபத்தும் இல்லை. இது அதே நிறுவனம், அதே தொழிற்சாலை. ஏவ மறுத்தவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்தபோது அவர்களால் இது முடிந்தது. இந்த 110 என்ற எண்ணைத்தான் தயோகாலின் ஆகப்பெரிய பெருமையாக நான் கருதுகிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த அரை மணி நேரம் கூடவே வந்து நிற்கிறது.

நாசாவைப் புகழ இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊழியர்களை உண்மை பேச வைப்பது எப்படி என்பதை உலகில் வேறெவரையும்விட நன்றாக அறிந்திருந்த அமைப்பு அது. 1974 டிசம்பரில் வாஷிங்டனை நெருங்கிய பயணிகள் விமானம் ஒன்று மலையில் மோதியது. அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பிய வேறொரு நிறுவனத்தின் விமானிகள் இருந்தார்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்ன செய்தி மற்றவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதன் பிறகுதான் 1976இல் விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் தம் தவறுகளையும் பயங்களையும் மறைவாக எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு பிறந்தது. தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானத் துறையிடம் யாரும் மனந்திறந்து எழுத மாட்டார்கள். ஆகவே நடுநிலையான மூன்றாம் கையிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கை நாசா. அறிக்கையில் பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் எழுதிவிட்டால் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. பயந்தவனைப் பேச வைக்க வேண்டுமானால் பயத்துக்கான காரணத்தை முதலில் அகற்ற வேண்டும் என்ற எளிய அறிவு அதில் இருந்தது. ஊரார் வீட்டுக் கூரை ஒழுகுவதை அடைக்கும் வித்தையை நாசா பத்து ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தபோதுதான் சேலஞ்சர் போனது.

பாடம் படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1987இல் தன் ஊழியர்களுக்கும் அதே போன்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. சுவர்களில் சுவரொட்டிகள் ஒட்டியது. பாதுகாப்பில்லை என்றால் சொல்லிவிடு என்பது அவற்றின் வாசகம். நல்ல வாசகம், எந்தத் தொழிற்சாலைச் சுவரிலும் இருக்கத் தகுந்தது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்த ஔவையும் அங்கே போர் காணாமல் கிடந்த ஆயுதங்களின் பளபளப்பைத்தான் சொன்னார். பளபளப்பு பொய்யில்லை.

2003 ஜனவரி 16. கொலம்பியா புறப்பட்ட 82ஆவது வினாடியில் வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. மறுநாள் படச்சுருளில் பார்த்துவிட்டார்கள். இறக்கைக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. விண்ணில் இருக்கும்போதே ராணுவத்தின் கருவிகளைக் கொண்டு படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். ஒன்றல்ல, மூன்று கோரிக்கைகள். மூன்றும் நிறைவேறவில்லை. முந்தைய பயணங்களிலும் நுரை விழுந்திருக்கிறது, பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள் என்பது மேலிடத்தின் எண்ணம். ரப்பர் வளையத்துக்கும் இதே நியாயம்தான் சொல்லப்பட்டிருந்தது.

ஹூஸ்டனில் ரோட்னி ரோச்சா என்ற பொறியாளர் ஒரு மின்னஞ்சலைத் தட்டச்சிட்டார். படம் வேண்டாம் என்று முடிவெடுத்தது தவறு, பொறுப்பற்றது என்ற அளவுக்குக் கடுமையாக எழுதினார். சுவரெங்கும் ஒட்டியிருக்கும் அந்தச் சுவரொட்டிகள் நினைவிருக்கிறதா, நிலைமை அந்த அளவுக்குத்தான் இருக்கிறது என்ற பொருளில் அதில் ஒரு வரி.

சுவரொட்டியின் வேலை ஊழியர் மனத்தில் பதிவது என்றால், அது முழு வெற்றி. ஆபத்து வந்த நேரத்தில் ஊழியருக்கு அந்த வாசகமே நினைவுக்கு வந்திருக்கிறது. பணத்தையும் மையையும் காகிதத்தையும் நாசா வீணாக்கவில்லை.

ரோச்சா அந்த அஞ்சலை அனுப்பவில்லை. அச்செடுத்துச் சக ஊழியர் ஒருவரிடம் காட்டினார், அதோடு சரி. தன் படிக்கு மிக மேலே இருப்பவர்களுக்குப் பொறியாளர்கள் நேரடியாக எழுதக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. எழுதிய விதி சுவரில் இருந்தது. ஊழியர்கள் எழுதாத விதியைத்தான் பின்பற்றுவார்கள். அவர்களுடைய சம்பளமும் பதவி உயர்வும் அதன் கையில் இருக்கின்றன. பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் பறக்கலாம் என்பதே பொறியியல் முறை. இங்கே பாதுகாப்பில்லை என்று பொறியாளர்கள் நிரூபித்தாக வேண்டியிருந்தது. நிரூபிக்கப் படம் வேண்டும். படம் கேட்கக் காரணத்தை நிரூபிக்க வேண்டும். 1986 ஜனவரி இரவிலும் போஜொலேயிடம் இதே தலைகீழ் நிரூபணத்தைத்தான் கேட்டார்கள்.

பிப்ரவரி 1ஆம் தேதி காலை, தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் கொலம்பியா டெக்சஸ் வானில் உடைந்தது. மறுபடி ஏழு பேர். ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்தார். அந்தக் காலையில் இந்தியாவில் மாலை. தொலைக்காட்சியில் வெள்ளைக் கோடுகள் பிரிந்து பிரிந்து ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். அனுப்பப்படாத அந்த மின்னஞ்சல் ஒரு கணினியில் பத்திரமாக இருந்தது. நாசா ஆவணம் காக்கும் அமைப்பு. விசாரணைக் குழு அதைத் தன் அறிக்கையில் சேர்த்தது.

2016 ஜனவரியில், சேலஞ்சரின் முப்பதாம் ஆண்டில், 89 வயதாகியிருந்த எபெலிங் அமெரிக்கப் பொது வானொலிக்குப் பேட்டி கொடுத்தார். முப்பது ஆண்டுகளாகத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குக் கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தது தவறு, ஒரு தோல்வியாளனைத் தேர்ந்துவிட்டார் என்றார். ‘உதவி’ என்று முதல் சொல்லாக எழுதிய மனிதர் சொன்ன சொற்கள் இவை. கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், உங்கள் மேல் குற்றமில்லை என்று. அன்றிரவு இணைப்பின் இரு முனைகளிலும் இருந்த அதிகாரிகளில் இருவர்கூட அவரைத் தொடர்புகொண்டு அதையே சொன்னார்கள்.

நாசாவிடமிருந்தும் ஓர் அறிக்கை வந்தது. விழிப்போடு இருக்க வேண்டும், துணிந்து பேசும் எபெலிங் போன்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் இடைவிடாமல் நினைவூட்டிக்கொள்வதே சேலஞ்சரில் போனவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்றது அது. அவருக்கு அதைப் படித்துக் காட்டினார்கள்.

எபெலிங் கை தட்டினார். நெடுநேரம் தட்டினார். அந்த மார்ச்சில் இறந்துபோனார்.